2025 ஆண்டறிக்கை: ஹூஸ்டன் நம்ம சங்கம், செயலாளர் எழுதியது

எல்லாருக்கும் வணக்கம். பொதுக்குழுல எனக்கு பத்து நிமிஷம் குடுத்தாங்க, பாதி வாசிக்கும்போதே பிரியாணி டப்பா வந்து இறங்கிருச்சு, அதுக்கப்புறம் யார் கேப்பா. அதான் விட்டதையும் சேத்து முழுசா எழுதி அனுப்புறேன்.

வழக்கமானது எல்லாம் வழக்கம்போல நடந்துச்சு. பொங்கல் விழா, தமிழ்ப்பள்ளி ஆண்டுவிழா, கோடைல பார்க்ல ஒரு நாள், தீபாவளி. செயற்குழு ஒன்பது தடவ கூடுச்சு, ரெண்டு தடவ கோரம் இல்ல (போதுமான ஆள் வரல). இதுக்கு மேல அதுல சொல்ல ஒண்ணும் இல்ல, போட்டோ எல்லாரும் பாத்தாச்சு.

இந்த வருஷம் புதுசா பண்ணது ஹெல்த் கமிட்டி வேலைதான், அத பத்தி அரைகுறையா கேள்விப்பட்டு நிறைய பேர் நிறைய பேசுனதால கொஞ்சம் விரிவாவே சொல்றேன்.

ஹூஸ்டன்லயே கல்ஃப்டன்ங்கிற ஏரியா பக்கத்துல ஒரு சின்ன சமூக கிளினிக். அங்க வர்றவங்க பெரும்பாலும் ஹோண்டுராஸ், குவாத்தமாலா, எல் சால்வடோர், மெக்சிகோல இருந்து வந்தவங்க. ஸ்பானிஷ் பேசுற ஆண்கள்கிட்ட, முக்கியமா ஆண்களோட உறவு வச்சுக்குற ஆண்கள்கிட்ட, எச்ஐவி தடுப்ப ஆன்லைன்ல கொண்டு போகணும், பேசுறதுக்கு எங்ககிட்ட ஆள் இருக்கு, வெப் வேலைக்குத்தான் ஆள் இல்லன்னு கேட்டாங்க. நம்மகிட்ட என்ன இருக்கோ இல்லையோ, ஐடி ஆளுங்களுக்கா பஞ்சம்? ஏழு பேர் கை தூக்குனாங்க.

அப்பவே ஒரு பெரியவர் எழுந்து, "ஏம்ப்பா, ஹால் வாடகையே ஏறிக் கெடக்கு, அவங்க நோய்க்கு நாம எதுக்கு?"ன்னு கேட்டார். கேள்வி நியாயம்தான், ஆனா "அவங்க நோய்"ங்கிறது எனக்கு ஒத்துக்கல. 1986ல இந்தியாவுல மொதமொதல்ல எச்ஐவி கண்டுபிடிச்சதே நம்ம சென்னைலதான், டாக்டர் சுனிதி சாலமனும் அவங்க மாணவி நிர்மலாவும். நம்ம ஊர் சுவர்ல எல்லாம் "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?"ன்னு விழிப்புணர்வு போஸ்டர் ஒட்டியிருந்தது ஞாபகம் இருக்கா? ஊரே அத வச்சு கிண்டல் பண்ணுச்சே தவிர, நான் படிச்ச காலேஜ்ல ஒருத்தன்கூட போய் டெஸ்ட் எடுத்ததா எனக்குத் தெரியல. பேரு எல்லாருக்கும் தெரியும், சந்தேகம் கேக்க ஆள் கெடையாது. அதே பிரச்சனைதான் இங்கயும்.

கணக்கையும் சொல்லிடறேன். 2022ல அமெரிக்கால புதுசா எச்ஐவி தொத்துனவங்க சுமார் 31,800 பேர்னு சிடிசி (அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்) மதிப்பீடு, அதுல மூணுல ஒருத்தர் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வழி வந்தவங்க, ஆனா மொத்த ஜனத்தொகைல அவங்க அஞ்சுல ஒரு பங்குதான். மருந்து இல்லாம இல்ல. எச்ஐவி தொத்தாம இருக்க முன்கூட்டியே போடுற பிரெப் மாத்திரைய, மருந்துக்கு அனுமதி குடுக்குற எஃப்டிஏ 2012லயே ஒத்துக்கிச்சு, ஒழுங்கா போட்டா உடலுறவு வழியா வர்ற ரிஸ்க் 99 சதவீதம் கொறையும். ரெண்டு மாசத்துக்கு ஒரு ஊசி 2021 கடைசில வந்துச்சு, 2025 ஜூன்ல ஆறு மாசத்துக்கு ஒரு ஊசியே வந்துருச்சு (வந்தப்ப லிஸ்ட் விலை வருஷத்துக்கு 28,000 டாலருக்கு மேல, அது தனிக் கதை). ஆனா அதே 2022ல, பிரெப் தேவைப்படுற வெள்ளைக்காரங்கள்ல 94 சதவீதம் பேருக்கு எழுதிக் குடுத்துருக்காங்க, லத்தீனோக்கள்ல 24 சதவீதம் பேருக்குத்தான். இன்ஷூரன்ஸ் கெடையாது, வருமானம் கம்மியா இருக்குறவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ் மெடிக்கெய்ட டெக்சாஸ் விரிவாக்கவும் இல்ல, குடியேற்ற பேப்பர் இல்லாதவங்களுக்கு எந்த கவுன்டர்ல பேர் குடுத்தாலும் பயம், வீட்ல தெரிஞ்சா ஆம்பளையான்னு கேப்பாங்கங்கிற பயம் அதுக்கு மேல. கிளினிக் வாசல் வரைக்கும் வந்துட்டு காருக்குள்ளயே உக்காந்து திரும்பிப் போறவங்க உண்டுன்னு அங்க வேல பாக்குறவர் சொன்னார். அவங்களுக்குத்தான் போன் வழியா ஒரு கதவு.

எங்க ஆளுங்க மொதல்ல பண்ண தப்பு, வெப் பக்கத்த அழகா பண்ணா போதும்னு நெனச்சது. ஆங்கிலத்துல இருந்தத மெஷின்ல போட்டு ஸ்பானிஷ் ஆக்குனோம், இலவச டெஸ்ட்டுங்கிறதுக்கு அது "லிப்ரே"ன்னு போட்டுருந்துச்சு. இலவசம்னா "கிராட்டிஸ்", லிப்ரேன்னா சுதந்திரம், அதாவது நம்ம பாஷைல சொன்னா "சுதந்திர ரத்தப் பரிசோதனை". கிளினிக்கோட பியர் எஜுகேட்டர், அதாவது தன் ஆளுங்ககிட்ட தானே பேசி விளக்குற பையன் (அவனும் ஹோண்டுராஸ்காரன்தான்) படிச்சிட்டு மேஜைல தலைய வச்சு சிரிச்சான். இன்னொண்ணு "சீட்டா"ன்னு ஒரு வார்த்த, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கும் அதுதான், காதலர் சந்திப்புக்கும் அதுதான். டேட்டிங் ஆப்ல போடுற விளம்பரத்துல "சீட்டா வேணுமா?"ன்னு மொட்டையா போட்டா வர்ற பதில் எல்லாம் எப்படி இருக்கும்னு நீங்களே யோசிச்சுக்கங்க. லத்தீனோவுக்குப் பதிலா ஆண் பெண் பேதம் இல்லாம சொல்ற "லத்தீனெக்ஸ்"ங்கிற வார்த்தையையும் அவன்தான் அடிச்சான். ப்யூ ஆய்வு நிறுவனத்தோட 2020 சர்வேல அந்த சொல்ல தனக்கு வச்சுக்குறவங்க வெறும் 3 சதவீதம், நம்ம கமிட்டிலயோ மொத டிராஃப்ட்ல பதினோரு எடத்துல இருந்துச்சு.

அப்புறம்தான் இதுக்கு முன்னாடி பண்ணவங்க என்ன பண்ணாங்கன்னு உக்காந்து படிச்சோம், அத மொதல்லயே பண்ணிருக்கணும். லாஸ் ஏஞ்சலஸ்ல யுசிஎல்ஏ பல்கலைக்கழகத்து ஷான் யங் குழு ஃபேஸ்புக்ல மூடின குரூப் வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, 2013ல வெளிவந்தது. 112 ஆண்கள், பெரும்பாலும் கருப்பின, லத்தீனோ ஆளுங்க. ஒரு பக்கம் பயிற்சி எடுத்த பியர் லீடர்கள் எச்ஐவி பத்தி பேசுவாங்க, இன்னொரு பக்கம் பொதுவான ஆரோக்கியம். வீட்டுக்கே வர்ற டெஸ்ட் கிட் இருக்கு, வேணும்னா கேளுங்கன்னு ரெண்டு பக்கமும் சொன்னாங்க. எச்ஐவி குரூப்ல 57 பேர்ல 25 பேர் கேட்டாங்க, மத்ததுல 55ல 11. அதே முறைய பெரு நாட்டு லீமாலயும் பண்ணாங்க, அங்க டெஸ்ட் எடுத்தவங்க 17 சதவீதம், இன்னொரு பக்கம் 7. ரெண்டு பக்கமும் அதே ஃபேஸ்புக்தான், பேசுன ஆளும் பேசுன பேச்சும்தான் வேற. நார்த் கரோலினால ஒரு குழு ஆன்லைன் எதுவும் இல்லாமலே லத்தீனோ ஃபுட்பால் லீக்ல இருந்து டீமுக்கு ஒருத்தர புடிச்சு, பயிற்சி குடுத்து, "நவெகாந்தே"ன்னு, அதாவது வழிகாட்டின்னு, பேர் வச்சு அவன் டீமுக்குள்ளயே விட்டாங்க. வெளியாள் வந்து கிளாஸ் எடுக்கல, கூட வெளையாடுறவன் கேக்குறப்ப பதில் சொல்றான், அவ்ளோதான்.

அதனால ஜூலைல பாதி பக்கத்த தூக்கிட்டோம். ஒரு பட்டன், அத அழுத்துனா வாட்ஸ்அப், அந்தப் பக்கம் கிளினிக் ஆள். நம்ம ஆளுங்க யாரும் எந்த மெசேஜையும் படிக்கிறதில்ல, படிக்கவும் முடியாது, அப்படித்தான் கட்டுனோம். யார் வந்து போறாங்கன்னு வேவு பாக்குற டிராக்கிங் பிக்சல் ஒண்ணு விடாம எடுத்தாச்சு. ஆண்களோட உறவு தேடுற ஆண்கள் பயன்படுத்துற கிரைண்டர் டேட்டிங் ஆப் தன்னோட யூசர்களோட எச்ஐவி நெலமைய வேற கம்பெனிகளுக்கு அனுப்புனது 2018ல வெளில வந்து நாறுனது ஐடில இருக்குறவங்களுக்கு ஞாபகம் இருக்கும். "எத்தன பேர் பயன்பெற்றாங்க, நம்பர் குடுங்க"ன்னு பொருளாளர் அக்கா கேட்டுக்கிட்டே இருக்காங்க. அக்கா, நம்பர் கிளினிக்ல இருக்கு, நம்மகிட்ட இருக்கக் கூடாது.

இப்ப எங்க தப்பு. ஆகஸ்ட்ல ஒரு சனிக்கிழம ராத்திரி பழைய ஃபார்ம் வழியா ஒரு மெசேஜ் வந்துருக்கு. ஃபார்ம எடுக்கணும்னு லிஸ்ட்ல இருந்துச்சு, எடுக்கல, அதுல வர்றது எல்லாம் ஸ்பாம் ஃபோல்டருக்குப் போகுதுன்னும் யாரும் பாக்கல. திங்கக்கிழம காலைல கிளினிக்ல தற்செயலா பாத்துட்டு போன் பண்ணாங்க. காண்டம் கிழிஞ்சிருச்சு, என்ன பண்றதுன்னு கேட்டிருந்தாராம், அவ்ளோதான் என்கிட்ட சொன்னாங்க. இந்த மாதிரி நேரத்துக்கு பெப்னு மருந்து இருக்கு, 28 நாள் போடணும், ஆனா 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிக்கணும், எவ்ளோ சீக்கிரமோ அவ்ளோ நல்லது. நாங்க அதுல ஒன்றரை நாள தின்னுட்டோம். அவர் வந்தாரா, மருந்து கெடச்சுதான்னு நான் கேக்கல, கேட்டாலும் அவங்க சொல்ல மாட்டாங்க. தப்பு ஃபார்ம் போட்டவன் மேல இல்ல, லிஸ்ட் வச்சிருந்தது நான், தள்ளிப் போட்டதும் நான். அன்னிக்கே ஃபார்ம தூக்கியாச்சு, ராத்திரி எந்நேரம் எழுதுனாலும் மொத பதிலா 72 மணி நேர விஷயமும், எமர்ஜென்சிக்குப் போய் "பெப்"னு கேளுங்கங்கிறதும் ஸ்பானிஷ்ல தானா போகுது.

இன்னொரு சிக்கல், கிளினிக் வீட்டுக்கு தபால்ல டெஸ்ட் கிட் அனுப்புறது. கவர் மேல ஒண்ணும் போடாமத்தான் அனுப்புறாங்க, ஆனா ஒரு அபார்ட்மென்ட்ல அஞ்சு பேர் தங்கி ஒரே மெயில்பாக்ஸ் வச்சிருந்தா அந்த கவர யார் பிரிப்பாங்கன்னு சொல்ல முடியாது. அதனால நேர்ல வந்து வாங்கிக்கிற வழியும் வச்சாச்சு, பேர் கேக்குறதில்ல. செயற்குழுல சந்தேகப்பட்டவங்களுக்காக எங்க வீட்டு சமையக்கட்டு மேஜைல நானே ஒரு கிட்ட பிரிச்சு எடுத்துக் காட்டுனேன். ஊசி கெடையாது, ரத்தம் கெடையாது, குச்சியால மேல் ஈறுல ஒரு இழுப்பு, கீழ் ஈறுல ஒரு இழுப்பு, டியூபுக்குள்ள நட்டு வச்சுட்டு 20 நிமிஷம். காபி குடிச்சிட்டு உடனே எடுக்கக் கூடாதுன்னு அரை மணி நேரம் எல்லாரையும் காக்க வச்சதுக்கு என் வீட்டம்மா இன்னும் திட்டுறாங்க. ஒரு கோடு வந்துச்சு, அதாவது இல்ல. எனக்கு எதுவும் இல்லன்னு நல்லாவே தெரியும், இருந்தாலும் அந்த 20 நிமிஷம் மேஜைல ஒருத்தர்கூட பேசல. கேள்வி கேட்ட பெரியவரும் இருந்தார், கெளம்பும்போது "ரெண்டு கோடு வந்தா என்னப்பா பண்ணுவாங்க?"ன்னு கேட்டார். லேப்ல இன்னொரு டெஸ்ட் எடுத்து உறுதி பண்ணணும், உறுதியாச்சுன்னா அன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம், ரத்தத்துல வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கொறஞ்சு அப்படியே இருந்தா உடலுறவு வழியா யாருக்கும் பரவாதுன்னு சொன்னேன். "இது எனக்கு யாரும் சொல்லலையே"ன்னார். ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, கடைசி மூணு மாசத்துக்குள்ள நடந்தத இந்த வீட்டு டெஸ்ட் விட்டுடலாம்.

செலவு: டொமைன், ஹோஸ்டிங், ஒரு போன் லைன், கார்டு பிரிண்டிங், எல்லாம் சேத்து 640 டாலர். இதுல பொங்கல் காசு ஒரு பைசா இல்ல, ஏழு பேரும் தனியா போட்டது, ரசீது எல்லாம் பொருளாளர்கிட்ட இருக்கு.

அடுத்த வருஷத்துக்கு ஒரு கோரிக்கைதான். ஞாயித்துக்கிழம ராத்திரி ஒன்பது மணிக்கு அந்த வாட்ஸ்அப் லைனுக்கு ஒரு டெஸ்ட் மெசேஜ் அனுப்பி தானா பதில் வருதான்னு பாக்க ஒரு ஆள் வேணும். ஸ்பானிஷ் தெரிய வேண்டாம், ரெண்டு நிமிஷ வேல, ஆனா ஒரு வாரம்கூட விடக் கூடாது. ஆகஸ்ட்ல இருந்து நான்தான் பாத்துட்டு வரேன், பிப்ரவரில ஊருக்குப் போறேன், மூணு வாரம். அதுக்குள்ள யாராவது பேர் குடுங்க.