பியானோ தனி வகுப்புக்குப் போக யோசிக்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

கல்லூரியிலேயே பியானோ வகுப்பு இருக்கும்போது, வாராவாரம் தனியாக ஓர் ஆசிரியரிடமும் போகத்தான் வேண்டுமா என்று கேட்டிருந்தாய். போ என்றுதான் சொல்வேன். ஆனால் எதற்காகப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ.

பத்துப் பேர் சேர்ந்து கற்கும் வகுப்பில் ஸ்கேல் என்கிற ஸ்வர வரிசை, பல ஸ்வரங்களை ஒன்றாக அழுத்தும் கார்டு, நோட்டைப் பார்த்தவுடனே வாசிக்கும் சைட் ரீடிங் எல்லாம் நன்றாகவே வந்துவிடும். தொடக்கத்தில் அது போதும். இப்போது நீ நடுநிலைக்கு வந்துவிட்டாய், உன் பிழைகளின் குணமும் மாறிவிட்டது. தப்பான கீயை அழுத்தினால் உனக்கே கேட்கும். கட்டைவிரல் விழும்போதெல்லாம் ஓசை தடித்துவிடுவது உனக்குக் கேட்காது. கஷ்டமான பார், அதாவது தாளக் கட்டம், வருவதற்குச் சற்று முன்பே வேகம் குறைவதும் கேட்காது. தினமும் கேட்டுக் கேட்டு உன் காது அவற்றுக்குப் பழகிவிட்டது. அதனால்தான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க இன்னொருவர் வேண்டும்.

இசையமைப்பாளர் ஷோப்பானின் ஈ மைனர் ப்ரெலூடு என்ற சிறிய பீஸை எடுத்துக்கொள். ஓபஸ் 28 என்ற தொகுப்பில் நான்காவது. மொத்தமே 25 பார்தான். பார்த்தவுடன் ‘இவ்வளவுதானா’ என்று தோன்றும். வலது கையில் ஓர் எளிய மெட்டு, இடது கையில் திரும்பத் திரும்ப ஒலிக்கும் கார்டுகள். நடுநிலை மாணவர்கள் பெரும்பாலும் அந்த மெட்டைத்தான் அழகாக வாசிக்கப் பார்ப்பார்கள். இடது கை தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கும். ஆனால் அந்த பீஸின் உயிரே இடது கையில்தான். கார்டு மாறும்போது பெரும்பாலும் அதில் ஒரு ஸ்வரம் மட்டும் அரைப்படி, அதாவது பக்கத்துக் கீயளவு, கீழே இறங்குகிறது, மற்றவை அப்படியே நிற்கின்றன. எந்த விரல் இறங்குகிறதோ அந்த விரலைக் காது பின்தொடர வேண்டும். நல்ல ஆசிரியர் வலது கையை மடியில் வைக்கச் சொல்லி, இடது கையை மட்டும் வாசிக்க வைப்பார். இறங்கும் ஸ்வரத்தை வாய்விட்டுப் பாடச் சொல்வார். நான்கு பாருக்கே அரைமணி நேரம் போகலாம். போகட்டும்! அதற்கப்புறம் நீ எந்த கார்டையும் பழையபடி வாசிக்க மாட்டாய். கார்டுகள் இணையும் விதத்தைப் படிக்கும் ஹார்மனி வகுப்பில் தாளில் எழுதுவது அப்போதுதான் உன் விரலுக்கு வந்து சேரும்.

காலால் அழுத்தி ஓசையை நீட்டிக்கும் பெடலும் அப்படித்தான். கார்டை அழுத்தும் அதே நொடியில் காலையும் அழுத்துவது நம் இயல்பு. அப்படிச் செய்தால் முந்தைய கார்டின் மிச்சமும் புதியதோடு கலந்து குழம்பிவிடும். புதிய கார்டு ஒலிக்கும்போது கால் மேலே வர வேண்டும், அது ஒலித்த பிறகே மறுபடி இறங்க வேண்டும். கேட்க எளிது. காலுக்கு அது பழகும்வரை யாராவது பக்கத்தில் இருந்து ‘இப்போது கலந்துவிட்டது’ என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். வகுப்புக்கு நன்றாக வரும் பகுதியை எடுத்துக்கொண்டு போகாதே. பீஸை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக் காட்டுவதிலேயே நேரம் ஓடிவிடும், ஆசிரியரும் பொதுவாக நாலு வார்த்தை சொல்லி முடித்துவிடுவார். மாட்டிக்கொண்ட இடத்தைக் கொண்டு போ. “இந்த இரண்டு பாரில் இடது கை தடுக்குகிறது. மெட்ரோனோமை, அந்தத் தாளக் கருவியை, நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்தால் வருகிறது, 80-இல் சிதறுகிறது” என்று சொல்லத் தெரிந்தால், மருத்துவரிடம் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டியது மாதிரி. பல சமயம் காரணம் ஒரேயொரு தப்பான விரலாக இருக்கும். எஃப் மேஜர் ஸ்கேலில் வலது கை நான்காம் விரல்வரை போய்த்தான் கட்டைவிரலைக் கீழே நுழைக்க வேண்டும். சி மேஜர் பழக்கத்தில் மூன்றாம் விரலோடு நுழைத்தால் பி ஃபிளாட் என்கிற கறுப்புக் கீயில் கட்டைவிரல் போய் நிற்கும். நூறு தடவை வாசித்தாலும் அது சீராகாது.

பீத்தோவனின் மூன்லைட் சொனாட்டாவின் கடைசிப் பகுதியைத் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தாய். இப்போது வேண்டாம். உன் ஆசையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஒரு பருவம் முழுக்க அதோடு மல்லுக்கட்டினால் வேகத்தைத் துரத்துவாயே தவிர, கேட்கப் பழக மாட்டாய். அதே பீத்தோவனின் ஓபஸ் 49, இரண்டாம் சொனாட்டாவை எடு. இரண்டே பகுதிகள். 1805-இல் வெளியானபோதே எளிய சொனாட்டா என்றுதான் வெளியானது. கூடவே இசையமைப்பாளர் பாக் எழுதிய, இரண்டு மெட்டுகள் ஒரே நேரத்தில் பின்னிச் செல்லும் இரண்டு குரல் இன்வென்ஷன்களில் ஒன்று. மொத்தம் 15 இருக்கின்றன. அவற்றில் பலவற்றைத் தன் மூத்த மகன் வில்ஹெல்ம் ஃப்ரீடமானுக்குப் பாடம் சொல்லும்போது எழுதியவர், 1723-இல் சீராகப் படியெடுத்தபோது முன்பக்கத்தில் நோக்கத்தையும் குறித்து வைத்தார். இரண்டு குரல்களைத் தெளிவாக வாசிப்பது, பிறகு மூன்று, எல்லாவற்றுக்கும் மேலாகப் பாடுவது போல வாசிக்கப் பழகுவது. உனக்கு இந்த வருடத்துக்கு வேறு பாடத்திட்டமே தேவையில்லை.

ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் நாள் அவர் எவ்வளவு பேசுகிறார் என்பதைவிட எவ்வளவு கேட்கிறார் என்று பார். வீட்டில் எப்படிப் பயிற்சி செய்கிறாய் என்று விசாரிப்பவர் கிடைத்தால் விடாதே. மணிக்கட்டிலோ முன்கையிலோ வலி வந்தால் அன்றே சொல். பொறுத்துக்கொள்ளச் சொல்பவரிடம் தொடராதே.

சரி, இப்போது எந்த பீஸில் இருக்கிறாய், அதில் எந்த பாரில் நிற்கிறாய் என்று எழுது. வாசித்துப் பதிவு செய்தும் அனுப்பு. தடுக்கும் இடத்தை வெட்டிவிடாமல் அனுப்பு.

அன்புடன்,
உன் அக்கா