மாத்திரைக்குப் பயம், பீடிக்குப் பயமில்லையா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புகைப்பதை நிறுத்த மாத்திரை போட்டால் மூளை கலங்கிவிடும் என்று எங்கள் குடியாத்தம் டீக்கடையில் ஒருவர் சொல்ல, நான்கு பேர் தலையாட்டினார்கள். நால்வர் கையிலும் பீடி. அதனால்தான் இந்தக் கடிதம்.

அம்மா மடியில் முறத்தை வைத்து பீடி சுற்றித்தான் எங்களைப் படிக்க வைத்தார். அந்தத் தூள் வாசனையிலேயே வளர்ந்த நான் 28 வருஷம் பீடி இழுத்தேன். சபரிமலைக்கு மாலை போட்டால் தொடமாட்டேன், மாலையைக் கழற்றிய கையோடு பற்றவைப்பேன். போன வருஷம்தான் டாக்டர், புகையை நிறுத்த உதவும் வாரனிக்லின் என்ற மாத்திரையை எழுதிக் கொடுத்தார். 12 வாரம். முதல் வாரம் பீடியும் பிடிக்கலாம், அப்புறம் நாள் குறித்து நிறுத்த வேண்டும். மூளையில் நிகோடின் உட்காரும் இடத்தில் இது முந்தி உட்கார்ந்துகொள்ளுமாம். எட்டாம் நாள் ஆசைக்கு ஒன்று இழுத்தேன், வைக்கோலைக் கொளுத்தியது போலச் சப்பென்று இருந்தது.

தொந்தரவு உண்டு, மறைக்கவில்லை. வெறும் வயிற்றில் டீயோடு போட்ட அன்று வாந்தி. இட்லி சாப்பிட்டு ஒரு சொம்பு தண்ணீரோடு போட ஆரம்பித்ததும் அடங்கியது. கனவுதான் விசித்திரம், கவுண்டன்ய ஆற்று வெள்ளத்தில் பீடிக்கட்டுகள் மிதந்து போக நான் பின்னாலேயே ஓடுகிறேன்!

மூளை கலங்கும் என்ற பேச்சு சும்மா கிளம்பவில்லை. 2009-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே மனநிலை மாற்றம் பற்றிக் கடுமையாக எச்சரித்தது. ஆனால் மனநோய் உள்ளவர்களையும் சேர்த்து 8,000 பேருக்கு மேல் நடத்திய ஆய்வில் அந்த ஆபத்து பெரிதாகத் தெரியாததால் 2016-ல் அந்தக் கட்டம் கட்டிய எச்சரிக்கையை எடுத்துவிட்டார்கள். அதற்காக மனசு சரியில்லை என்றால் டாக்டரிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது. சரக்கு அடிப்பவர்களும் முதலிலேயே சொல்லிவிடுங்கள், இந்த மாத்திரையோடு போதை தாறுமாறாக ஏறலாம்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். ஒரு மருந்துக்கடையில் என் மச்சானுக்குச் சீட்டே கேட்காமல், புகையை நிறுத்தத் தரும் இன்னொரு மாத்திரையான புப்ரோபியான் அட்டையை நீட்டினார்கள். அவருக்கு வலிப்பு உண்டு, வலிப்பு உள்ளவர்கள் தொடவே கூடாத மாத்திரை அது. தங்கச்சி அந்த அட்டையை டாக்டரிடம் காட்டியதால் தப்பினார். இப்போது 2 மில்லிகிராம் நிகோடின் சூயிங்கம் மெல்கிறார், அதற்குச் சீட்டு வேண்டாம். அதையும் மிட்டாய் போல மென்று விழுங்கி விக்கல் எடுத்தவர்தான்; கொஞ்சம் மென்று, வெற்றிலை போலக் கன்னத்தில் ஒதுக்க வேண்டும். மருந்துக்கடைக்காரர்களே, வலிப்பு உண்டா, கிட்னி கோளாறு உண்டா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன குறைந்துவிடும்?

புகையை விட நினைப்பவர்களுக்கான இலவச எண் 1800-11-2356 பீடிக்கட்டின் மேலேயே அச்சடித்திருக்கிறது. டீக்கடையில் அதைத் திருப்பிக் காட்டினேன். நால்வரில் ஒருவர் மட்டும் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், குடியாத்தம்