‘பதினஞ்சாயிரத்தில் பாங்காக்’ வீடியோ போடும் அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம்.

யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் இருவர் என்றால் பெயர் சொல்லலாம். “ஃப்ளைட்டோட சேர்த்து பதினஞ்சாயிரம்தான் மக்களே!” என்று மஞ்சள் எழுத்தில் தம்ப்நெயில் வைத்து, பின்னால் ஒரு டுக்டுக் (அந்த ஊர் ஆட்டோ) நிற்க, வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறீர்களே, உங்கள் எல்லோருக்கும்தான் எழுதுகிறேன். உங்களைப் பார்த்துத்தான் நானும் கல்லூரிக் கூட்டாளிகளும் முதுகில் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். நீங்கள் சொன்ன காவோசான் ரோட்டுப் பக்கமே தங்கினோம், நீங்கள் காட்டிய படகிலேயே ஏறினோம். வழி சொன்னதில் குறையில்லை. கணக்குதான் இடிக்கிறது.

கேட்பது பெரிய விஷயமில்லை. வீடியோ தொடங்கும்போதே மூன்று தகவல் போடுங்கள்: எந்த வருடம் எந்த மாதம் போனீர்கள், மொத்தச் செலவு எவ்வளவு, அதைக் கட்டியது யார். கல்யாண வீட்டு மொய் நோட்டில் எழுதுகிற அளவுக்கு விவரம் இருந்தால் போதும்.

ஏன் கேட்கிறேன் என்றால், எங்கள் கூட்டத்தில் ஒருவன் ஒரகடத்தில் கம்பெனி வேலையில் இருக்கிறான். கான்ட்ராக்ட், ஷிஃப்ட். மற்றவர்கள் கையில் கிரெடிட் கார்டு இருந்தது. அவன் நீங்கள் சொன்ன தொகையை எண்ணி எடுத்துவந்தான். முதல் நாள் எல்லாம் சிரிப்பும் கூத்தும்தான். மறுநாள் அரண்மனை வாசலில் டிக்கெட் 500 பாட் (தாய்லாந்துக் காசு) என்றதும், “நீங்க போயிட்டு வாங்கடா, எனக்கு முட்டி வலிக்குது” என்று சொல்லிவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்துவிட்டான். சாயங்காலம் ராம்புத்ரி தெருவில் நாங்கள் சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கு வயிறு சரியில்லை. ராத்திரி தண்ணீர் பிடிக்க எழுந்து போனேன். ஹாஸ்டல் படிக்கட்டில் தனியாக உட்கார்ந்து, கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி மூடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தான்.

பக்கத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு. ரூம், சாப்பாடு, பஸ், கோயில் என்று வரிசையாக உங்கள் விலைகள். ஒவ்வொன்றையும் இரண்டால் பெருக்கி ரூபாய் போட்டிருந்தான். எந்த வீடியோவில் எத்தனையாவது நிமிடத்தில் சொன்னீர்கள் என்பதுகூட ஓரத்தில் இருந்தது. பணம் வைத்துக்கொள்ளடா என்றால் வாங்கவில்லை. “கணக்கு போட்டுத்தான்டா வந்தேன்” என்றான். அதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னான்.

அவன் கணக்கில் பிழையில்லை. “ஒரு பாட் ரெண்டு ரூபான்னு வச்சுக்கோங்க” என்கிறீர்கள். அப்படி வைத்துக்கொண்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது அது இரண்டரை ரூபாயைத் தாண்டிவிட்டது. ஆயிரம் ரூபாய் என்று அவன் எழுதி வைத்திருந்த அரண்மனை டிக்கெட் ஆயிரத்து முந்நூறு பக்கம் வந்தது. வாட் போ கோயிலுக்கு 200 பாட் என்றீர்கள், அது 2024 தொடக்கத்திலிருந்து 300. அவசரத்துக்கு ஏடிஎம்மில் எடுத்தால் அந்த ஊர் வங்கி ஒரு தடவைக்கு 220 பாட் பிடித்தது, நம் வங்கி பிடித்தது தனி. இதை எந்த வீடியோவிலும் நான் கேட்கவில்லை.

விமான நிலையத்திலிருந்து 50 பாட் கட்டணத்தில் ஏ4 பஸ் என்று ஆளுக்கு ஆள் சொல்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அது டான் மியாங் விமான நிலையத்திலிருந்து கிளம்பும் பஸ், ராத்திரி பதினொரு மணியோடு சரி. இன்னொரு விமான நிலையமான சுவர்ணபூமியில் இறங்குகிறவர்களுக்கு நகர ரயிலும் நள்ளிரவோடு முடிந்துவிடும். மலிவு டிக்கெட் எடுத்தவனை விமானம் எந்த நேரத்தில் இறக்கிவிடும் என்று உங்களுக்குத் தெரியாததா? நாங்கள் வெளியே வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அன்றைய பட்ஜெட் முழுக்க ஒரே காரில் போனது.

விசா விஷயத்தைப் பாருங்கள். 2000 பாட் கட்டி அங்கேயே வாங்கிய காலம் போய், 2023 நவம்பரில் விசா இல்லாமல் 30 நாள் என்றார்கள், 2024 ஜூலையில் அது 60 நாள் ஆனது. 2025 மே 1 முதல் போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் வருகை அட்டை நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. ஆனால் காசு பிடுங்கும் போலித் தளங்கள் இருக்கின்றன, எங்களில் ஒருவன் கட்டியே விட்டான். தேதி இல்லாத வீடியோவைப் பார்க்கிறவன் இதில் எதை நம்புவான்? அதனால்தான் சொல்கிறேன், தேதியைப் போடுங்கள்.

அடுத்தது யார் காசு என்பது. “இந்த ஹாஸ்டல் சூப்பர், ஓனர் நம்ம தம்பி மாதிரி” என்கிறீர்கள். தம்பி உங்களிடம் வாடகை வாங்கினாரா? இலவசமாகத் தங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியிலேயே வழிகாட்டுதல் வெளியிட்டது. ஹோட்டல் அறை, பயணம் இரண்டையும் அதில் பெயர் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறார்கள். தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் வரை அபராதம் போடச் சட்டமும் இருக்கிறது. உங்களை மிரட்டவில்லை. ஏற்கெனவே தெரிந்துதான் ‘கொலாப்’ (கூட்டு விளம்பரம்) என்ற சொல்லைக் கண்ணாடி வைத்துத் தேடும் அளவில் மூலையில் எழுதுகிறீர்கள்.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. பாங்காக்கின் சீலோம் பகுதியில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்களிலிருந்து போனவர்கள் கட்டியது. தாய்லாந்துக்காரர்களே சாமந்தி மாலையோடு வரிசையில் நின்று கும்பிடுகிறார்கள். அதற்கு உங்கள் வீடியோவில் அரை நிமிடம். ராத்திரி நேரத்து நானா தெருவுக்குப் பத்து நிமிடம், அதுவும் வேலைக்கு நிற்கிற பெண்களின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டிக்கொண்டு, கூடவே ஒரு ‘ஹி ஹி’. பாங்காக் போய்வந்தேன் என்றதும் எங்கள் தெருவில் எல்லோரும் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அந்தப் புண்ணியமும் உங்களுக்கே.

சரி, கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். நீங்கள் உதவவே இல்லை என்று சொன்னால் அது பொய். “இன்னைக்கு அரண்மனை லீவு, வாங்க வேற கோயில் காட்டுறேன்” என்று ஒரு டுக்டுக்காரர் நெருங்கியபோது, அடுத்த நிறுத்தம் நகைக்கடை என்று எங்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. அது நீங்கள் சொல்லிக்கொடுத்தது. பிரா ஆத்தித் துறையில் ஆரஞ்சுக் கொடிப் படகு பிடித்து, காற்று வாங்கிக்கொண்டே சாத்தோர்ன் வரை போனதும் உங்களால்தான்.

அதனால் தாழ்மையாகவே கேட்கிறேன். புது வீடியோக்களில் மாதமும் வருடமும், முழுச் செலவும், யார் கட்டினார்கள் என்பதும் இருக்கட்டும். டிக்கெட் ஆஃபரில் கிடைத்தது என்றால் எத்தனை மாதம் முன்னால் எடுத்தது, பை எடைக்குத் தனியாக எவ்வளவு கட்டியது என்றும் சேர்த்துவிடுங்கள். பழைய வீடியோவை மறுபடி எடுக்கச் சொல்லவில்லை. தலைப்பில் வருடத்தைச் சேர்ப்பதற்கும், ‘விலை மாறிவிட்டது’ என்று கீழே கமெண்டில் ஒரு வரி எழுதி அதை முதலில் நிற்கும்படி ‘பின்’ பண்ணுவதற்கும் இரண்டு நிமிடம் போதும்.

உங்களில் ஒருவரிடம் இதையே கமெண்டில் கேட்டிருந்தேன். ஒரு சிவப்பு ஹார்ட் போட்டிருந்தீர்கள். நன்றி. தேதியையும் போட்டுவிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
பெல் பட்டனையும் அமுக்கியிருக்கும் சப்ஸ்கிரைபர் ஒருவன்