உடன்பிறந்தோர் கோடைப் பராமரிப்புத் திட்டம்: மீதித் தொகை கேட்டு நான்காவது புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்

பொருள்: ஒரே குடும்ப எண்ணில் பதிவான மூன்று பிள்ளைகளின் கட்டணத்தில் ரூ. 35,790 திருப்பித் தராதது. மருந்துப் பை இடம் மாறியது. உங்கள் பணியாளர் பேசிய பேச்சு

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது" என்ற குறுஞ்செய்தி மட்டுமே வந்தது. ஏழு முறை போனில் பேசினேன். ஏழு முறையும் வேறு வேறு ஆட்கள், ஏழு முறையும் பிள்ளைகளின் வயதிலிருந்து கதையை ஆரம்பிக்கச் சொன்னார்கள். ஐந்தாவது முறை எடுத்தவர் சொன்னது இது: "மூணு வயசுல மூணு பெத்து வச்சுட்டு, எல்லாம் ஒரே இடத்துல வேணும்னா நாங்க என்ன மேடம் பண்றது?" இந்த வாக்கியத்துக்கு நிறுவனத்தின் பதில் என்ன என்பது எனக்கு எழுத்தில் தெரிய வேண்டும்.

பெரியவளுக்கு 11 வயது. நடுப்பையனுக்குச் சேரும்போது 5 வயது 11 மாதம். கடைக்குட்டிக்கு 3 வயது 2 மாதம். இதெல்லாம் உங்கள் படிவத்தில் பிறப்புச் சான்றிதழோடு இருக்கிறது.

நீலகிரி மலையில் மே மாதம் எப்படிப்பட்டது என்று இங்கேயே மையம் நடத்தும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடம் பூட்டும்போதுதான் லாட்ஜ், ஹோட்டல், டாக்ஸி, கடை எல்லாவற்றுக்கும் சீசன் தொடங்குகிறது. கோடை மழை பெய்துவிட்டால் தேயிலைக் கொழுந்தும் குவியும், ஃபேக்டரியில் ஷிஃப்ட் கூடும். அம்மா, அப்பா இருவருக்குமே லீவு கிடைக்காத மாதம் அது. அங்கன்வாடிக்கும் மே மாதத்தில் விடுமுறை விடுகிறார்கள். எஸ்டேட் கிரெச் இருக்கும் இடத்திலும் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் பேசியது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பற்றித்தான். ஓவியம், கராத்தே என்று போனால் ஒன்றரை மணி நேரத்தில் அனுப்பிவிடுவார்கள், சின்னப் பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். பெரியவளுக்குத் தனியாக ஓர் இடம் கிடைக்கும், சின்னவனுக்குத் தனியாக ஓர் இடம் கிடைக்கும். மூவருக்கும் "ஒரே வளாகம், ஒரே நேரம், ஒரே வேன்" என்று அச்சடித்திருந்தது உங்கள் நோட்டீஸில் மட்டும்தான். அந்த ஒரு வரியை நம்பித்தான் ரூ. 49,500 கட்டினேன்.

கணக்கு இது. 20 நாளுக்குப் பெரிய பிரிவு ரூ. 16,000, நடுப்பிரிவு ரூ. 14,000, சின்னப் பிரிவு ரூ. 12,000. வேனுக்குத் தலைக்கு ரூ. 2,500 வீதம் ரூ. 7,500. இரண்டாவது பிள்ளைக்கு 10 சதவீதம், மூன்றாவது பிள்ளைக்கு 20 சதவீதம் தள்ளுபடி, ஆக ரூ. 3,800 குறைய வேண்டும். முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, தள்ளுபடி முதல் வாரத்தில் கணக்கில் ஏறும் என்றீர்கள். கேட்டபோது, பிள்ளைகள் "ஒரே பிரிவில்" இருந்தால்தான் தள்ளுபடி என்றார்கள். வயதை வைத்துத்தான் நீங்கள் பிரிவே பிரிக்கிறீர்கள். இரட்டைப் பிள்ளைகளைத் தவிர வேறு எந்தக் குடும்பத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடைக்கும்?

முதல் நாளே வயதில் குழப்பம். படிவம் கேட்டது ஜூன் 1 அன்று நிறைவடையும் வயது. அதன்படி நடுப்பையனுக்கு 6, எனவே நடுப்பிரிவுக் கட்டணம் வாங்கினீர்கள். வாசலில் நின்ற ஒருங்கிணைப்பாளர் அன்றைய தேதிக்கு வயது பார்த்து அவனைச் சின்னப் பிரிவில் உட்கார வைத்துவிட்டார். ரூ. 2,000 வித்தியாசம் போகட்டும். நடுப்பிரிவு 3.30 மணிக்கு முடியும், சின்னப் பிரிவு 12.30க்கே முடிந்துவிடும். பெரிய பிரிவை கோத்தகிரி சாலையில் உள்ள முகாமுக்கு மாற்றியதை முந்தைய நாள் இரவு 9 மணிக்குத்தான் சொன்னீர்கள், அது விடுவது 4 மணிக்கு. ஆக இரண்டு இடம், இரண்டு நேரம். வேன் மாலையில் ஒரே நடைதான். 12.30க்கு வெளியே வரும் இரண்டு பேரை ஆறு நாளும் டாக்ஸி வைத்து அழைத்து வந்தோம்.

மருந்துப் பை விஷயத்தை எழுதும்போதே கை நடுங்குகிறது. கடைக்குட்டிக்கு வீசிங் உண்டு. குளிர்ந்த பனிமூட்டத்தில் ஓடியாடினால் இழுக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு, இன்ஹேலர், அதில் மாட்டும் ஸ்பேசர் குழாய், சின்ன மாஸ்க் நான்கையும் துணிப்பையில் போட்டு, பெயர் தைத்து, உங்கள் மருந்துப் படிவத்தோடு கொடுத்தேன். பைகளில் கட்டும் உங்கள் நீலப் பட்டையில் குடும்ப எண் மட்டும்தான் இருக்கிறது, பிள்ளையின் பெயரோ பிரிவோ இல்லை. மூன்று பைகளிலும் ஒரே எண். நான்காம் நாள் வேனில் வந்த உதவியாளர் அந்த எண்ணைப் பார்த்து மூன்று பைகளையும் பெரியவளோடு சேர்த்துக் கோத்தகிரி சாலை முகாமில் இறக்கிவிட்டார். 11 மணிக்குப் பிள்ளைக்கு இழுப்பு வந்தபோது இன்ஹேலர் பல கிலோமீட்டர் தள்ளி, பூட்டிய அறைக்குள் இருந்தது. அவனை உட்கார்த்தி, முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு எனக்குப் போன் செய்தவர் ஆயா அக்கா. அவர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை, அவரை இந்தப் புகாரில் இழுக்க வேண்டாம். ஆறு பிள்ளைக்கு ஒருவர் என்று நோட்டீஸ் சொல்கிறது. அன்று 17 பிள்ளைகளுக்கு அவரும் சமையல்காரம்மாவும்தான். வீட்டில் வைத்திருந்த இன்னொரு இன்ஹேலரை எடுத்துக்கொண்டு நாங்கள் போய்ச் சேர 35 நிமிடம் ஆனது. அந்த 35 நிமிடத்துக்கு நீங்கள் என்ன விலை போட்டாலும் போதாது.

இதைச் சொல்லித்தான் ஐந்தாவது போன். அதற்குத்தான் அந்தப் பதில். "இந்த அழைப்பு பதிவு செய்யப்படுகிறது" என்று உங்கள் இயந்திரம் சொன்னதால் பதிவு உங்களிடமே இருக்கும். அதை அழிக்கக் கூடாது என்று இதன் மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்து அந்தச் சனிக்கிழமை. பிள்ளைகளை மதியம் அழைத்து வர அவர்கள் தாத்தா தயாராக இருந்தார். பிள்ளையை யார் அழைத்துப் போகலாம் என்று குறிக்கும் அட்டையில், பெரியவளுடையதில் அவர் பெயர் ஏறியிருந்தது, சின்னவர்கள் அட்டையில் ஏறவில்லை. தாத்தா ஒருவர்தான், பிள்ளைகள் ஒரே குடும்ப எண், ஆனாலும் "ஒவ்வொரு அட்டையிலும் தனித்தனியா ஏத்தணும், ஒரிஜினல் ஆதாரோட ஊட்டி ஆபீசுக்கு வாங்க" என்றார்கள். யாரிடமும் பிள்ளையைக் கொடுத்துவிடக் கூடாது என்பது நல்ல விதிதான், அதை நானும் வரவேற்கிறேன். மலர்க் காட்சி நெருங்கும் சனிக்கிழமை, குன்னூரிலிருந்து ஊட்டிக்கு 18 கிலோமீட்டர், அரவங்காட்டிலிருந்தே வண்டி ஊர்ந்தது. இரண்டரை மணி நேரம் கழித்துச் சேரிங்கிராஸ் தாண்டி உங்கள் மாடிப்படி ஏறினால் கதவில் பூட்டு. "இன்று களப்பணி, கோத்தகிரி முகாமில் அணுகவும்" என்று ஒரு தாள் ஒட்டியிருந்தது. தொட்டபெட்டா சந்திப்பு வழியாகக் கோத்தகிரிக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர். அங்கே இருந்த தம்பி என் போனை வாங்கி, உங்கள் செயலியில் நான்கு முறை தட்டி, இரண்டு நிமிடத்தில் பெயரை ஏற்றிக் கொடுத்தார். சுமார் 70 கிலோமீட்டர், 72 வயதுப் பெரியவரோடு, ஒரு நாள் சம்பளம் போய், வீட்டில் உட்கார்ந்தே முடித்திருக்க வேண்டிய வேலை. செயலியில் முடியும் என்று போனில் பேசியவருக்குத் தெரியாதா? உங்கள் செயலி உங்களுக்கே தெரியாதா?

வேன் தாமதத்துக்கும் இப்படித்தான் வாய்க்கு வந்த காரணம். "வண்டிக்கு இ-பாஸ் கிடைக்கலை மேடம்" என்றார் ஒருவர். இ-பாஸ் வெளியூர் வண்டிகள் மலை ஏற வாங்கும் அனுமதி. உங்கள் வேன் டிஎன் 43. நீலகிரிப் பதிவு வண்டிக்கு இ-பாஸ் வேண்டாம் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். உண்மைக் காரணம், சீசனில் போலீஸ் போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறும் வண்டிகள் குன்னூர் வழி, ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகள் கோத்தகிரி வழி. ஆண்டுதோறும் நடப்பதுதான். பிப்ரவரியில் ஓட்டிப் பார்த்த நேரத்தை மே மாத அட்டவணையில் போட்டால் எந்த வேனும் நேரத்துக்கு வராது.

ஆறாம் நாள் திங்கட்கிழமை, மழையால் பெரிய பிரிவின் மலையேற்றம் ரத்தானது. அன்று பெரியவளைச் சின்னவர்கள் மையத்துக்கே கொண்டுவந்து விட்டார்கள். நல்லது என்றுதான் நினைத்தோம். மாலையில் வீட்டுக்கு வந்தவளின் ஸ்வெட்டர் கை முழங்கை வரை ஈரம். பையில் தம்பியின் ஈர டிராயர், செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. கட்டியது அவள். கடைக்குட்டியைக் கழிவறைக்கு இரண்டு முறை அழைத்துப் போனது, கழுவிவிட்டது, மாற்றிவிட்டது, சோறு ஊட்டியது எல்லாம் அவள்தான். கேட்டால் உங்கள் ஒருங்கிணைப்பாளர், "அக்கா இருக்காளே, பாத்துக்குவா" என்றாராம். அவள் ரூ. 16,000 கட்டி வந்த பிள்ளை. 11 வயதுச் சிறுமியை ஆயா வேலை பார்க்க வைக்கவா நாங்கள் மூவரையும் ஒன்றாகச் சேர்த்தோம்? பனிக்காலம் போலக் குளிர்ந்த தண்ணீர், வெந்நீர்கூட அங்கே இல்லை. அன்றோடு நிறுத்திவிட்டோம்.

அடுத்த கோடையிலும் இந்தத் திட்டத்தை விற்பதாக இருந்தால், தயவுசெய்து இதைக் கவனியுங்கள். வயதுக்கு ஒரே தேதி வையுங்கள், பணம் வாங்கவும் பிரிவு ஒதுக்கவும் அதுவே போதும். பட்டையில் குடும்ப எண்ணுக்குப் பின்னால் 1, 2, 3 என்று போட்டு, பிரிவுக்கு ஒரு நிறம் கொடுங்கள். மருந்துப் பையை வேனில் அனுப்பவே வேண்டாம், பிள்ளையை ஏற்றும் ஆயா கையில் கொடுத்து, பிரிவு ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கட்டும். 12.30க்கு மேல் சின்னப் பிள்ளைகளுக்குத் தூங்க ஓர் அறை, பாய், கம்பளி, ஒரு ஆயா இருந்தால் 3.30 வரை வைத்திருக்க முடியும், வேன் ஒரே நடையில் முடியும். ஆளுக்கு இரண்டு செட் மாற்றுத் துணி கேளுங்கள், மலையில் ஒன்று போதாது, நனைந்தது அன்றைக்குக் காயாது. இதெல்லாம் தொழில் நடத்தும் உங்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது.

இப்போது பணம். தள்ளுபடி போக உண்மைக் கட்டணம் ரூ. 45,700. 20 நாளில் வந்தது 6 நாள், அதற்கு ரூ. 13,710. நான் கட்டிய ரூ. 49,500-இல் மீதி ரூ. 35,790. ஆயுதபூஜை விடுமுறைக்கு வரவு வைக்கிறோம் என்ற உங்கள் யோசனை எனக்கு வேண்டாம். டாக்ஸிக்குப் போனது ரூ. 2,700. மீதி 14 நாளும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொண்ட பக்கத்து லைன் அக்காவுக்கு நாள் ரூ. 700 வீதம் ரூ. 9,800. இவை தவிர, உங்களால் எங்கள் சீசன் முழுவதும் பாழாகி, குடும்பமே நிலைகுலைந்ததற்கு ரூ. 1,50,000 இழப்பீடு கேட்கிறேன். உங்களுக்கு அதிகமாகத் தெரியலாம். அந்த 35 நிமிடம் காரில் என்னோடு நீங்கள் வந்திருந்தால் அப்படித் தெரியாது.

நல்லபடியாகப் பேசி முடிக்கவே விரும்புகிறேன், அதனால்தான் நான்காவது முறையும் மரியாதையாக எழுதுகிறேன். கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் ரூ. 35,790-உம், பேசியவரிடமிருந்து எழுத்தில் மன்னிப்பும் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவேன். அடுத்து 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உதகை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. உங்கள் தலைமை அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும் நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. செலுத்திய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. நோட்டீஸ், இரண்டு ரசீது, குறுஞ்செய்திகள், கதவில் ஒட்டியிருந்த தாளின் படம் எல்லாம் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பணத்தை எந்தக் கணக்கிலிருந்து வந்ததோ அதற்கே அனுப்புங்கள். கடைக்குட்டியின் மெரூன் கம்பளிக் குல்லாய் ஒன்றும், ஸ்பேசரின் மாஸ்க்கும் இன்னும் கோத்தகிரி சாலை முகாமில் இருக்கின்றன. அவற்றை முதலில் கொடுத்தனுப்புங்கள், பணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
மூன்று பிள்ளைகளின் தாய்,
குன்னூர்