கொஞ்சம் மேலே பறங்கள், ஐயா

செட்டிநாட்டு வானில் சிறு விமானம் ஓட்டும் விமானி ஐயாமார்களுக்கு, சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டிக்காரன் ஒருவனின் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் கண்மாயை இரண்டு சுற்றுச் சுற்றிப் போனது உங்களில் யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இறக்கைக்கு அடியில் ‘வி.டி.’ என்று, இந்திய விமானங்களுக்கான பதிவெழுத்து எழுதியிருந்ததைக் கண்புரை ஆபரேஷன் செய்த இந்தக் கண்ணால் படித்தேன். எவ்வளவு உயரத்தில் வந்தீர்கள் என்பதற்கு வேறு சாட்சி எதற்கு?

விதி உங்களுக்குத் தெரியாததல்ல. பரீட்சை எழுதித்தானே லைசென்ஸ் வாங்கினீர்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் தவிர, ஊருக்கு மேலோ ஆள்கூட்டத்துக்கு மேலோ பறந்தால், 600 மீட்டர் ஆரத்துக்குள் எது மிக உயரமோ, கோபுரமோ டவரோ, அதற்கு மேல் 1000 அடி. மற்ற இடங்களில் தரைக்கும் தண்ணீருக்கும் மேல் 500 அடி. கடல் மட்டத்தை வைத்துக் காட்டும் உயரமானியில் முள் 500-இல் நின்றால், அது எங்கள் ஊரில் 500 அடி ஆகாது என்பதும் உங்களுக்குத் தெரியும். நான் கேட்பது அந்த 500 அடியைத்தான்.

எங்கள் ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது. நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே கிடையாது. எங்கள் கண்மாயும் சேர்ந்த வேட்டங்குடி கண்மாய்களைப் பறவைகள் சரணாலயமாக அரசாங்கம் அறிவித்தது 1977-இல். மழை விழுந்ததும் மஞ்சள் மூக்கு நாரையும் நத்தை குத்தி நாரையும் வந்து கருவேல மரத்தில் கூடு கட்டும். பிரசவ வீட்டுப் பக்கம் யாராவது வெடி போடுவார்களா? அவ்வளவுதான் காரணம். புதுச்சட்டை போட்டுக்கொண்டு, பக்கத்து ஊர் வெடிச்சத்தத்தைக் காதால் கேட்டே வளர்ந்தோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தலைக்கு மேல் வந்தபோது, அடைகாத்த பறவைகள் மொத்தமாக எழும்பின. வானம் வெள்ளையாகிவிட்டது. மேலிருந்து படம் எடுத்திருந்தால் அழகாகத்தான் வந்திருக்கும். கீழே நடந்தது வேறு. எழும்பிய வேகத்தில் கூடு ஆடி மூன்று குஞ்சுகள் தண்ணீரில் விழுந்ததைப் பார்த்தேன். காவலில்லாத கூடுகளில் காக்கை இறங்கிவிட்டது. தாய்ப்பறவைகள் திரும்பி வந்து உட்கார வெகுநேரம் ஆனது. பக்கத்தில் நின்ற என் பேரன் கேட்டான், “தாத்தா, அப்ப இந்த வருசம் நானும் ஒரு லட்சுமி வெடி வெடிச்சுக்கவா?” அவனுக்கு என்ன பதில் சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.

உங்களுக்கும் இதில் ஆபத்து உண்டு. ஒரு மஞ்சள் மூக்கு நாரை இரண்டு மூன்று கிலோ இருக்கும். எதிர்க் கண்ணாடியில் அடித்தால் என்ன ஆகும்? எஞ்சின் நின்றாலும், 1000 அடியிலிருந்து செஸ்னா 172 போன்ற சிறு விமானம் இரண்டரை கிலோமீட்டர் சறுக்கிப் போய் ஒரு பொட்டலைத் தேடிக்கொள்ளும். இருநூறு அடியில் எதைத் தேடுவீர்கள்? எங்கள் ஓட்டுக்கூரையைத்தான்.

கல்யாண வீட்டில் பறக்கும் ட்ரோனுக்கே 400 அடிக்கு மேல் போகாதே என்று விதி வைத்திருக்கிறார்கள். சரி, அது அதன் இடத்தில் பறக்கட்டும், நீங்கள் உங்கள் இடத்தில் பறங்கள். இதை யாரிடம் சொல்வது என்று அலைந்ததில் நான் தெரிந்துகொண்டது, தரையில் நடப்பதற்கு நாலு துறை, வானத்தில் நடப்பதைச் சொல்ல எனக்கு ஒருவரும் அகப்படவில்லை. தரையில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கிறது, தூர் வாரச் சொல்லி எழுதிய மனுவைத்தான் தூர் வாரியெடுக்க வேண்டும். மன்னிக்கவும், அது உங்கள் தலைவலி இல்லை.

விமானத்தின் மேல் எனக்குப் பகை கிடையாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் இருக்கிற சீமை இது. விருந்தாளிகளுக்குப் பிள்ளையார்பட்டியையும் காரைக்குடி வீடுகளையும் மேலிருந்து காட்டுங்கள், தாராளமாக. ஆனால் ஊருக்கு மேல் 1000 அடி, கண்மாய்க்கு மேல் 500 அடி. குஞ்சுகளுக்கு இறக்கை முளைக்கும் வரை, மாசி முடியும் வரையாவது, கண்மாயை விட்டு விலகிப் போனால் இன்னும் புண்ணியம்.

பறவைகளைப் பக்கத்தில் பார்க்க ஆசை என்றால் திருப்பத்தூர் வழியாகக் காரில் வாருங்கள். கரையில் நின்றாலே நன்றாகத் தெரியும். டீ நான் வாங்கித் தருகிறேன்.

இப்படிக்கு,
கண்மாய்க்கரைக்காரன் ஒருவன்