செயலாளரின் ஆண்டறிக்கை: பரவைக்கடலும் வலசைப் பறவைகளும்

தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து வந்திருப்போரே, வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் செய்த வேலையையும் பிழைத்த வேலையையும் மட்டும் சொல்கிறேன்.

இந்த ஆண்டு அதிக நேரத்தைத் தின்றது, உவர்நீர்க் கரையில் வளரும் கண்டல் மரங்களின் நடுகைதான். யூன் 5 சுற்றாடல் தினம் கிட்டினால் பலரும் கன்றுகளோடு இடம் கேட்டு வருகிறார்கள். யாழ்ப்பாணத்தின் ஆழம் குறைந்த பரவைக்கடலோரம், மண்டைதீவு, அராலிப் பக்கங்களில் வெட்டையாகக் கிடக்கும் சேற்றுத்தரைதான் அவர்கள் கண்ணில் முதலில் படுகிறது. அது தரிசு அல்ல. ஆவணி, புரட்டாதியில் வந்திறங்கும் உள்ளான்கள் என்னும் வலசைக் கரைப்பறவைகள் பங்குனி, சித்திரையில் திரும்புமுன் அந்தச் சேற்றுக்குள் புழுவும் சிறுநத்தையும் குத்தித் தின்றே கொழுப்பு ஏற்றுகின்றன. வல்லூறு மறையக்கூடிய மரம் நின்றால் அவை கிட்ட வரமாட்டா. கன்றுக்கும் அங்கே வாழ்வில்லை: நெடுநேரம் மூழ்கி வேர் மூச்சின்றி அழுகும், பாசி படர்ந்து சாயும். மிஞ்சுவது ஊன்றிய குச்சி மட்டுமே. காகம் இருக்க அது கிளை, கிழிந்த வலை சிக்க அது கொளுக்கி.

முன்பு கண்டலோ, அதன் உறவான கண்ணா மரமோ நின்று வெட்டுப்பட்ட கரையில், மிஞ்சிய மரங்களை ஒட்டி நடுங்கள் என்பதே எமது பதில். பழைய அடிக்கட்டையும் கண்ணாவின் மூச்சுவேரும் இடத்தைக் காட்டிவிடும். பல இடங்களில் நடவே தேவையில்லை. அடைபட்ட மதகைத் திறந்தால் விதை தானாக மிதந்து வந்து முளைக்கும்.

மதகுகளின் நிலை நல்லதில்லை. வீதியோரம் கொட்டும் கட்டட இடிபாடு முதலில் மதகு வாயைத்தான் மூடுகிறது. நீரோட்டம் நின்றால் கோடையில் உப்பு ஏறிப் புழு சாகும். மாரியில் வெள்ளம் தேங்கும். சின்ன உள்ளானுக்கு ஈரச்சேறோ மூன்று நான்கு சென்ரிமீற்றர் நீரோ போதும். முழங்கால் அளவு நீர் நின்றால் பூநாரை மேயும், உள்ளானுக்குப் பட்டினிதான். துப்புரவைப் புரட்டாதிக்குள் முடிக்கவேண்டும் என்று பிரதேச சபைகளுக்கு எழுதியுள்ளோம்.

தை மாத நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் பழைய குறைகள் இரண்டு திரும்பவும் வந்தன. ஒன்று, பிந்திப் போனது. வெயில் ஏறினால் கானல் அசையும், தூரத்து உப்புக்கொத்தியும் வளைமூக்கு உள்ளானும் ஒன்றுபோலத் தெரியும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க விடியவே எண்ணுங்கள். மற்றது, ஊகம். பெருங்கூட்டத்தில் முதலில் இருபதைச் சரியாக எண்ணி, அந்தப் பரப்பை அளவாக வைத்து நகருங்கள். இருவர் தனித்தனியே எண்ணி, பெரிய வித்தியாசம் வந்தால் மீண்டும் எண்ணுங்கள். இனம் தெரியாவிட்டால் 'இனம் அறியாத சிறு உள்ளான்' என்றே எழுதுங்கள், அதில் வெட்கமில்லை. எமது வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆதலால் பறவை எங்கே நிற்கும் என்பதை அட்டவணையைவிட முதல்நாள் மழையும் காற்றும் நன்றாகச் சொல்லும்.

சரியான எண்ணிக்கை ஏன் தேவை என்பதற்கு ஓர் உதாரணம். எமது கரையில் சாதாரணமாகக் காணும் வளைமூக்கு உள்ளானையும் சாம்பல் உப்புக்கொத்தியையும் 2024 ஒக்ரோபரில், உயிரினங்களின் அழிவு ஆபத்தைக் கணிக்கும் உலகச் சிவப்புப் பட்டியல் அழிவபாய நிலைக்கு ஏற்றியது. பல நாடுகளின் கணக்குகள் சேர்ந்தே அந்தச் சரிவு தெரிந்தது. கண்ணுக்குக் கூட்டமாகத் தெரிவதால் குறையவில்லை என்று நினைப்பது எம் ஊர்ப் பழக்கம்.

கைவிட்ட தங்கூசி (ஒற்றை நைலோன் இழை) வலையும், தைப்பொங்கல் பட்டங்களின் நைலோன் நூலும் பறவைகளின் காலில் சுற்றுகின்றன. சிக்கிய பறவையை இழுக்காதீர்கள். தலையைத் துணியால் மூடி, நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் நூலை வெட்டுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. நெடுநேரம் பிடித்து வைத்தால் கால் தசை செயலிழந்து எழும்ப மாட்டாது; காயமில்லையேல் உடனே விடுங்கள். காயமென்றால் காற்றுத்துளையிட்ட காட்போட் பெட்டியில் வைத்து வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். காலில் ஆய்வாளர் மாட்டிய வளையமோ நிறக்கொடியோ கண்டால் எழுத்து, நிறம், எந்தக் கால், முழங்காலுக்கு மேலா கீழா என்பனவற்றைக் குறியுங்கள். வெறும் 'கொடி இருந்தது' என்ற குறிப்பு ஒன்றுக்கும் உதவாது.

பறவைகளைத் துரத்தும் தெருநாய்த் தொல்லை தீரவில்லை. மீன்கழிவைக் கரையில் கொட்டுவது நிற்கும்வரை தீரவும் மாட்டாது.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களைச் சபை முன் வைக்கிறேன்: திறந்த சேற்றுத்தரையில் எந்த நடுகைக்கும் சங்கம் ஆள்வலு வழங்காது, கிழிந்த வலை போடுவதற்கு ஒவ்வொரு இறங்குதுறையிலும் ஒரு பீப்பா வைக்கப்படும், அதை வெறுமையாக்கும் முறை அந்தந்தக் கடற்றொழிலாளர் சங்கத்துடன் எழுத்தில் உடன்பட்ட பின்னரே.