எலி கடித்த பெல்ட்: நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

மதுரை பைபாஸ் ரோட்டில் பத்தொன்பது வருடமாக சீட் கவர் தைக்கிறேன். உங்களில் பாதிப் பேருக்கு முதல் வண்டிக்கும் நான்தான் கவர் போட்டேன், இரண்டாவது வண்டிக்கும் நான்தான். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. எனக்கே நான்கு பேர் அனுப்பிவிட்டார்கள், அதில் ஒருவர் என் மைத்துனர். ஐம்பது ரூபாய்த் தையலுக்கு வந்தவரை ஷோரூமுக்கு விரட்டி ஆயிரக்கணக்கில் செலவு வைத்தேனாம், அங்கே எனக்குக் கமிஷன் இருக்கிறதாம்.

நடந்ததைச் சொல்கிறேன். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைய ஆள். ஒரு தம்பி குடும்பத்தோடு வந்தார். இரண்டு மாதம் எடுக்காமல் மரத்தடியில் நின்ற வண்டி. எலி உள்ளே புகுந்து பின்சீட் பெல்ட்டைக் குதறி வைத்திருந்தது. ஓரத்திலிருந்து கட்டைவிரல் அகலத்துக்கு அறுந்து, நார் நாராகத் தொங்கியது. மீதி இருந்தது இரண்டு விரல் அகலம்தான். "அண்ணே, ஒரு தையல் போட்டுக் கொடுங்கண்ணே, காலையில கொடைக்கானல் கிளம்புறோம்" என்றார். முடியாது என்றேன். கூட்டத்தில் கொஞ்சம் வெடுக்கென்று சொல்லியிருப்பேன், அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இன்றைக்கு வந்து கேட்டாலும் பதில் அதேதான்.

சோபா தைக்கிறாய், பஸ் சீட் தைக்கிறாய், இந்த நாடாவைத் தைக்க என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பெல்ட் என்பது பாலியஸ்டர் நூலில் நெருக்கமாக நெய்த நாடா. அதன் பலமெல்லாம் நீளவாக்கில் ஓடும் பாவு நூலில் இருக்கிறது. எலி அறுத்தது அந்தப் பாவை. மேலே நான் எத்தனை தையல் ஓட்டினாலும் அறுந்த பாவு ஒட்டாது, ஊசி இன்னும் நாற்பது இடத்தில் குத்தி மிச்சத்தையும் பலவீனமாக்கும். பார்வைக்கு மட்டும் புதுசு போல இருக்கும். மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் நின்றால், உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போல் 14 மடங்கு இழுவை வரும். எழுபது கிலோ ஆளுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். ரெக்சின் தைக்கிற நூலை நம்பி அந்த வேலையை ஒப்புக்கொள்ள என்னால் முடியாது.

கமிஷன் விஷயம்தான் தூக்கத்தைக் கெடுத்தது. ஐயா, ஷோரூம்காரருக்கும் எனக்கும் என்ன உறவு? வெளியில் கவர் போட்டால் வாரண்டி போய்விடும் என்று என் வாடிக்கையாளரைப் பயமுறுத்துகிறவர்களே அவர்கள்தான். அவர்கள் எனக்கு எதற்கு ஒரு ரூபாய் கொடுக்கப் போகிறார்கள்? அங்கே போகச் சொன்னதற்குக் காரணம் ஒன்றே ஒன்று. நாடாவை மட்டும் கழற்றி மாற்றுவது சரியான முறை இல்லை. பெல்ட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் சுருளும் நாடாவும் சேர்ந்த முழு செட்டாக, அந்த மாடலுக்குரியதையே போட வேண்டும். முன்சீட்டில் பல வண்டிகளுக்கு, மோதும் நொடியில் பெல்ட்டை வெடுக்கென்று பின்னால் இழுக்க ஒரு சின்ன வெடிமருந்தும் உண்டு. ஒருமுறை வெடித்தால் அதன் ஆயுள் அவ்வளவுதான். அதையெல்லாம் திறக்க எனக்குப் படிப்பும் இல்லை, தைரியமும் இல்லை. இன்னும் சந்தேகம் இருக்கிறவர்கள் வாருங்கள், கணக்கு நோட்டு கல்லாப்பெட்டி மேலேயே இருக்கிறது, புரட்டிப் பாருங்கள்.

அந்தக் குரல்பதிவில் வராத ஒன்றும் உண்டு. வண்டி உள்ளே வரும்போது மூன்று வயதுப் பாப்பா இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு வந்தாள். அதையும் நான் சொன்னேன், அதில்தான் கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறேன். மடியில் வைத்துக்கொள்கிறோம் என்றார் பாப்பாவின் அம்மா. பன்னிரண்டு கிலோ குழந்தையை அந்த 14 மடங்கால் பெருக்கிப் பாருங்கள், 168 கிலோ. இருபத்தைந்து கிலோ அரிசிச் சிப்பம் கிட்டத்தட்ட ஏழு. எந்தத் தாயின் கை அதைப் பிடிக்கும்? அம்மாவும் பிள்ளையும் ஒரே பெல்ட்டைச் சுற்றிக்கொள்வது அதைவிட மோசம், அம்மாவின் பாரமும் பிள்ளை மேல் விழும்.

பெல்ட் பெரியவர் உடம்புக்குச் செய்தது. மேல்பட்டை தோளின் நடுவில், காறை எலும்பின் மேல் போக வேண்டும். கீழ்ப்பட்டை வயிற்றில் ஏறாமல் இடுப்பு எலும்பில் படிய வேண்டும், கர்ப்பிணிகளுக்கும் அப்படித்தான், வயிற்றுக்குக் கீழே. சின்னப் பிள்ளைக்கு மேல்பட்டை கழுத்தை அறுக்கும். உடனே நாம் அதை அக்குளுக்குக் கீழே விட்டுவிடுகிறோம், அது விலாவையும் வயிற்றையும் நசுக்கும். கைக்குழந்தைக்குப் பின்னோக்கிப் பார்க்கும் குழந்தை சீட், வளர்ந்த பிறகு முன்னோக்கிய சீட், அப்புறம் சுமார் ஐந்தடி உயரம் வரும்வரை, பெல்ட் சரியாகப் படிய உயர்த்தி உட்காரவைக்கும் பூஸ்டர் சீட். பின்னோக்கிய சீட்டை ஏர்பேக் இருக்கும் முன்சீட்டில் வைக்கவே கூடாது. சட்டமும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்திலேயே வந்துவிட்டது, பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையைப் பெல்ட்டிலோ குழந்தை சீட்டிலோ உட்காரவைக்காமல் ஓட்டினால் 1000 ரூபாய் அபராதம்.

பெல்ட் போடாவிட்டால் அடிக்கும் அலாரத்தை அடக்க, பக்கிளில் செருகும் கிளிப்பை ஏன் விற்பதில்லை என்றும் சிலருக்கு வருத்தம். ஒரு காலத்தில் விற்றேன், மறைக்கவில்லை. 2023 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து ஆன்லைன் கடைகளை அதை எடுத்துவிடச் சொன்ன செய்தியைப் படித்த அன்றே, இருந்த டப்பாவைக் குப்பையில் கொட்டினேன்.

2022 செப்டம்பரில் மகாராஷ்டிராவின் பால்கர் பக்கத்து விபத்தில், பின்சீட்டில் பெல்ட் போடாமல் இருந்த டாடா சன்ஸ் முன்னாள் தலைவர் சைரஸ் மிஸ்திரி இறந்தபோது, ஒரு மாதம் எல்லோரும் பின்சீட் பெல்ட்டைத் தேடினார்கள். அதிலிருந்து நம்மிடம் பெல்ட்டைப் பூட்டும் பக்கிளுக்கும், குழந்தை சீட்டை மாட்டும் ஐசோபிக்ஸ் வளையத்துக்கும் தனித்தனியாக வாய் வெட்டித்தான் கவர் போடுகிறோம். சீட்டில் ஏர்பேக் இருந்தால் அந்தப் பக்கத் தையலையும் விரியும்படி விடுகிறோம். அதற்கு முன் போட்டவர்கள் பின்சீட் பக்கிள் கவருக்கு அடியில் போயிருக்கிறதா என்று ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு வாருங்கள், காசு வேண்டாம். இந்த வேலைக்கு நேரம் பிடிக்கிறது, கட்டிங் மாஸ்டரும் சொந்தக் கடை வைத்துப் போய்விட்டார், ஆகவே இப்போதைக்கு ஒரு நாளைக்கு இரண்டு வண்டிதான்.

பராமரிப்பு பெரிய வித்தை இல்லை. மாதம் ஒருமுறை பெல்ட்டைக் கடைசிவரை வெளியே இழுத்து விரலால் நீவிப் பாருங்கள், நூல் பிரிந்திருக்கிறதா, எங்காவது கெட்டியாக இருக்கிறதா, முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று. அழுக்கானால் வெதுவெதுப்பான தண்ணீரும் லேசான சோப்பும் போதும், பிளீச்சோ சாயமோ வேண்டாம். வெளியே இழுத்த நாடாவை ஒரு துணிக் கிளிப் போட்டு நிறுத்தி, நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகுதான் உள்ளே விட வேண்டும். பெல்ட் தானாக உள்ளே சுருளாமல் சோம்பினால் பெரும்பாலும் தோளுக்கு மேல் இருக்கும் வளையத்தில் சேர்ந்த அழுக்குதான் காரணம், ஈரத்துணியால் துடைத்தால் சரியாகிவிடும். பக்கிளில் எண்ணெய் விடாதீர்கள். போன மாதம் ஒரு வண்டியில் பூட்டவே இல்லை என்று வந்தார்கள், கடலைமிட்டாய்த் துணுக்கு ஒன்றை இடுக்கியால் எடுத்தேன். அதன் மேல் தேங்காய் எண்ணெய் வேறு விட்டிருந்தார்கள்! விபத்தில் பாரம் தாங்கிய பெல்ட்டை, கிழியாவிட்டாலும் மாற்றிவிடுங்கள்.

குரல்பதிவு வந்த பிறகும் வண்டியைக் கொண்டுவந்து, "அண்ணே, நீங்க பண்ணுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்கள் இருக்கிறீர்கள். பேர் சொல்ல மாட்டேன், உங்களுக்கே தெரியும். பெரிய நன்றி. அந்தத் தம்பியும் ஒருமுறை வரட்டும், பெல்ட் மாற்றியிருந்தால் பாப்பாவின் சீட்டை நானே இறுக்கிக் கட்டிக் காட்டுகிறேன்.

அழகர் ஆற்றில் இறங்கும் அன்றும் மறுநாளும் கடை விடுமுறை. லீவுக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் அதற்கு முன்பே சொல்லி நாள் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் சீட் கவர் கடைக்காரர்,
பைபாஸ் ரோடு, மதுரை.